காலியாக விட்ட கட்டம்

கல்யாணத் தகவல் மையம் நடத்துகிறவள் யாரையும் எளிதில் நம்பிவிடக் கூடாது. நான் நம்புவதில்லை. ‘சொந்தத் தொழில்’ என்று மாப்பிள்ளை வீட்டார் எழுதிக் கொடுத்தால், இப்போதைக்கு வேலை இல்லை என்று நானாகப் படித்துக்கொள்வேன். ‘மதுப்பழக்கம்: விசேஷ நாட்களில் மட்டும்’ என்று எழுதினால், உங்கள் வீட்டில் வாரத்துக்கு எத்தனை விசேஷம் என்று கேட்பேன். ‘எதிர்பார்ப்பு எதுவும் இல்லை’ என்று எழுதுகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு உண்மையிலேயே பயம். புதுக்கோட்டை கீழராஜ வீதிப் பக்கம் ஒரு செருப்புக் கடையின் மாடியில் உட்கார்ந்து இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

அப்படிப்பட்ட என்னிடம் சிவரஞ்சனி வேலைக்கு வந்து சேர்ந்தாள். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே நம்புகிற பெண். இவளை வைத்துக்கொண்டு எப்படிக் குப்பை கொட்டப்போகிறோம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

திருமயத்துக்குப் பக்கத்தில், பஸ்ஸை விட்டு இறங்கித் தைலமரக்காட்டை ஒட்டி நடக்க வேண்டிய ஊர் அவளுக்கு. அப்பா ஆண்டியப்பன் கடலை போடுகிற விவசாயி. அண்ணன் மனைவியோடு சிங்கப்பூரில் இருக்கிறான். காலேஜில் கம்ப்யூட்டர் படித்த கையோடு அவளை ரெங்கராஜ் என்ற கிரேன் ஆபரேட்டருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனுக்குக் குவைத்தில் வேலை. மகள் பிறந்ததை வீடியோ காலில்தான் பார்த்தான். ஒரு தடவை லீவில் வந்து அந்தப் பிள்ளையைக் கீழே விடாமல் தூக்கிக்கொண்டு திரிந்துவிட்டுப் போனவன், அடுத்த தடவை திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியில் வந்து இறங்கினான். நெஞ்சுவலி என்றார்கள். வாட்டசாட்டமான ஆள், அவனுக்கு என்ன நெஞ்சுவலி என்று சிவரஞ்சனி பல நாள் கேட்டுக்கொண்டிருந்தாளாம். பதில் சொல்ல யாரும் இல்லை. மாமியார் வீட்டில் கொஞ்ச காலம் இருந்து பார்த்துவிட்டு, மகளோடு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

மகள் பெயர் கார்த்திகா. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மாவோடு பஸ் ஏறி என் ஆபீசுக்கு வரும். அந்தப் பிள்ளைக்கு இரண்டு குணம். ஒன்று, சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்து மாறாமல் ஒப்பிக்கும். பள்ளிக்கூட விழாவில் திருக்குறள் ஒப்பித்து டிபன் பாக்ஸ் வாங்கியது. இரண்டாவது, வாயைத் திறந்தால் வாக்கியத்துக்கு மூன்று ‘அம்மா’ போடும். “அம்மா, இங்க பாரும்மா, இந்தப் பேனா எழுத மாட்டேங்குதும்மா.” எனக்குக் காது வலித்துவிடும். “ஏண்டி, ஒரு தடவை கூப்பிட்டா ஒங்கம்மாவுக்குக் கேக்காதா?” என்று அதட்டுவேன். “கேக்கும் பாட்டி. ஆனா அம்மான்னு சொல்லணும்ல?” என்று எனக்கே பாடம் சொல்லும். சிவரஞ்சனி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சிரித்துக்கொள்வாள். அவள் சிரிப்பதை நான் வேறு எதற்கும் அதிகமாகப் பார்த்ததில்லை.

இனி அவள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பெற்றோர் மாடியேறி வந்து எதிரில் உட்கார்ந்து மகளைப் பற்றி, மகனைப் பற்றிச் சொல்வார்கள். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதிந்துகொள்வேன். இப்போது அப்படி வருகிறவர்கள் குறைவு. சமூகச் சங்கங்கள், தரகர்கள், திருச்சி மதுரையில் இருக்கும் மையங்கள் எல்லாரும் எக்செல் ஃபைலாக அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொருவர் ஃபைலும் ஒவ்வொரு தினுசு. திருமயம் பக்கம் சங்கச் செயலாளர் பிச்சைமுத்து என்று ஒருவர் இருக்கிறார். உயரம், சம்பளம், நட்சத்திரம் மூன்றையும் ஒரே கட்டத்தில் திணித்துவிடுவார். அவருக்குப் பிடித்த குடும்பம் என்றால் அந்த வரிக்கு மஞ்சள் பூசி அனுப்புவார், கம்ப்யூட்டர் அதைப் பார்த்து மரியாதை கொடுக்கும் என்று நினைப்பு.

இந்த ஃபைல்களை எங்கள் டேட்டாபேஸுக்குள் கொண்டுவரச் சென்னைக் கம்பெனி ஒன்று எங்களுக்கு ஒரு சாஃப்ட்வேர் விற்றிருந்தது. அதை யாரும் தொடாமல் வைத்திருந்தோம். சிவரஞ்சனிதான் வந்து உட்கார்ந்து அதை எங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி அமைத்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டால் இம்போர்ட், மேப்பிங், வேலிடேஷன் என்று அடுக்கினாள். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லித் தொலை என்றேன்.

“கல்யாண வீட்டுப் பந்தின்னு வச்சுக்கங்க மேடம்,” என்றாள். “வாசல்ல ஒருத்தரு நிக்கிறாரு. வேன்ல வந்தாலும் பைக்ல வந்தாலும் வாங்க வாங்கன்னு உள்ள கூப்பிடுறது அவரு வேலை. அதுதான் ஃபைலத் தெறந்து படிக்கிற பகுதி. அடுத்தவரு, யார எந்த எலையில உக்கார வைக்கணும்னு பாக்குறவரு. அது மேப்பிங். அவங்க பிறந்த தேதின்னு எழுதியிருந்தாலும் பி.நாள்னு எழுதியிருந்தாலும் நம்மகிட்ட ஒரே கட்டத்துல வந்து உக்காரணும். மொதப் பந்தியில சாப்பிட்டவரே சட்டைய மாத்திக்கிட்டு மறுபடி வந்தா கண்டுபிடிக்கிறவரு ஒருத்தரு. அது டூப்ளிகேட் செக். எல்லாம் ஒழுங்கா இருந்தா சோறு போடுவாங்க. ஒழுங்கா இல்லாதவங்கள எழுப்பி வெளிய நிறுத்துறவரு ஒருத்தரு இருக்காரு.”

“வெளிய நிறுத்துனவங்க என்ன பண்ணுவாங்க? பட்டினியாப் போறதா?”

“எங்கிட்ட வருவாங்க மேடம். நான் என்னான்னு விசாரிச்சு, சரிபண்ணித் திரும்ப உள்ள அனுப்புவேன்.”

அந்த வேலைதான் அவளுக்குப் பிடித்திருந்தது. வெளியே நிறுத்தப்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். போன் போட்டு, “ஒங்க மகன் நட்சத்திரம் விட்டுப்போயிருக்குங்க” என்று பொறுமையாகக் கேட்பாள். ஒழுங்காக உள்ளே போனவர்களை அவள் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. உள்ளே போனதும் பொருத்தமான வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் விவரம் தானாகவே போய்விடும்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, ஒரு கட்டத்தைத் தவிர. ‘குழந்தைகள்’ என்று ஒரு கட்டம். சென்னைக் கம்பெனி அதைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று வைத்திருந்தது. கல்யாணமே ஆகாத பெண்ணைப் பதிகிறவர்கள் அதில் என்ன எழுதுவார்கள்? காலியாகத்தான் விடுவார்கள். காலியாக விட்டவர்கள் எல்லாரும் பந்தியை விட்டு எழுப்பப்பட்டு சிவரஞ்சனி முன்னால் வந்து நின்றார்கள். நான் சென்னைக்குப் போன் போட்டுக் கத்தினேன். அங்கே ஒரு பையன், அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் மேடம் என்றான்.

சிவரஞ்சனி கத்தவில்லை. சாஃப்ட்வேரில் டீஃபால்ட் என்று ஒன்று உண்டு. ஒரு கட்டம் காலியாக வந்தால் அதில் எதைப் போட்டுக்கொள்வது என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம். அவள் சொல்லி வைத்தாள்: ‘குழந்தைகள்’ கட்டம் காலியாக இருந்தால், ‘இல்லை’ என்று நிரப்பிக்கொள். அதோடு வெளியே நின்ற கூட்டம் கலைந்துவிட்டது. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. மறுமணத்துக்குப் பதிகிறவர்களுக்கும் அதே விதிதான் ஓடும் என்பது தெரிந்துதான் வைத்தாள். பிள்ளை இருந்தால் எழுதாமலா இருப்பார்கள் என்று நினைத்தாள். அவளாக இருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் வேறு. புருஷனை இழந்த மகளுக்கு மறுபடி வரன் பார்க்கிற வீட்டில், பிள்ளை இருந்தால் அதை எழுத மாட்டார்கள். இல்லை என்றும் எழுத மாட்டார்கள். அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடுவார்கள். தரகர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், காபி குடித்து, மழை தண்ணி எல்லாம் பேசி முடித்து, செருப்பு மாட்டும்போது, “ஒரு பொம்பளப் புள்ள இருக்கு, அது பாட்டுக்கு ஆத்தா வீட்ல வளருது” என்று இறக்கி வைப்பார். காலியாக விட்டால், நேரில் பேசிக்கொள்ளலாம் என்று அர்த்தம். குளத்தூரிலிருந்து திருமயம் வரை எந்த வீட்டுப் பெரியவருக்கும் அதைப் படிக்கத் தெரியும். சாஃப்ட்வேருக்குத் தெரியாது. சிவரஞ்சனிக்கும் தெரிந்திருக்கவில்லை. அவள் வீட்டுக்கு அதுவரை அப்படி ஒரு தரகர் வந்ததே இல்லை.

ஆண்டியப்பனை நான் அண்ணன் என்றுதான் சொல்வேன். அவர் தன் மகளின் மறுமணத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்திருந்தார். அவருக்கு மூட்டுவலி, மனைவி கண்ணாத்தாளுக்குச் சர்க்கரை. நாங்கள் போய்விட்டால் மகள் யாரோடு பேசுவாள் என்ற கவலை அவரைத் தின்றுகொண்டிருந்தது. மகள் வேலை செய்கிற இடத்திலேயே மகளைப் பதியக் கூச்சப்பட்டு, பிச்சைமுத்துவிடம் போய் விவரம் கொடுத்தார். குழந்தைகள் என்று கேட்ட இடத்தில் வழக்கப்படி ஒன்றும் எழுதவில்லை. பிச்சைமுத்து அந்த ஒரு தடவை எல்லாவற்றையும் அதனதன் கட்டத்தில் ஒழுங்காகப் போட்டு எங்களுக்கு அனுப்பிவைத்தார். அதனால் சிவரஞ்சனியின் வரி எங்கேயும் தடுக்கப்படவில்லை. அவள் கண்ணிலேயே படாமல் அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டது.

சில வாரம் கழித்து ஒரு நாள் சிவரஞ்சனி என் மேஜைக்கு வந்து நின்றாள். முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வர முடியுமா மேடம்? என்னைப் பாக்க வாராங்க.”

குளத்தூரில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறவராம், பெயர் நல்லதம்பி. மனைவி நோயில் போய்விட்டாள். யாரோ தரகர் கொண்டுவந்த இடம் என்று அப்பா சொன்னாராம். போட்டோ காட்டினாள். படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, மறுபடி பெரிதாக்கிக் காட்டினாள்.

“பாப்பாவப் பத்திச் சொல்லிட்டாங்களா?” என்று கேட்டேன். எனக்கு முதலில் வருகிற கேள்வி அதுதானே.

“அதத்தான் மேடம் மொதல்ல கேட்டேன். ‘எல்லாம் சொல்லியாச்சு ஆத்தா’ன்னு அப்பா சொன்னாங்க.” அப்பா சொன்னதைச் சொன்னபடியே நம்பியிருந்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “கார்த்திகாவுக்காகத்தான்னு எல்லாருகிட்டயும் சொல்றேன் மேடம். ஆனா எனக்கும்தான் வேணும். சாயங்காலம் வீட்டுக்குப் போனா, இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்க ஒரு ஆளு வேணும்.”

வழக்கம்போல அதட்டினேன். “போ, போயி வேலையப் பாரு. ஞாயித்துக்கெழம நல்ல சீலையாக் கட்டு, இந்தச் சாயம் போனதக் கட்டிக்கிட்டு நிக்காத.” சாயங்காலம் அவள் ஜவுளிக்கடைக்குப் போய் மாம்பழ நிறத்தில் ஒரு சேலையும், அதே நிறத்தில் கார்த்திகாவுக்கு ஒரு கவுனும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனபோது வீடு கழுவிவிட்டு ஈரமாக இருந்தது. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆண்டியப்பன் அண்ணன் துவைத்த வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. மகள் என்னைக் கூப்பிட்டிருப்பது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. “வாங்க, வாங்க” என்றவர், மின்விசிறியின் சுவிட்சைத் தட்டினார். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, நின்றுபோனது. மறுபடி தட்டினார். கண்ணாத்தாள் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. இதையெல்லாம் நான் கவனித்தேன். பெண் பார்க்கிற வீட்டுப் பதற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

நல்லதம்பியும் அவர் அம்மாவும் மட்டும்தான் வந்தார்கள். அவருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகாமல் இருந்தது. அதை மறைக்கக் கையை முட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டார். யாரையும் நம்பாத எனக்கு அந்த ஆளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. சிவரஞ்சனி காபி கொண்டுவந்தாள். மாம்பழ நிறம் அவளுக்கு அவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் டம்ளரை வாங்கும்போது, “தினம் இங்கேருந்து பஸ்லயா புதுக்கோட்டைக்குப் போறீங்க? கஷ்டமால்ல இருக்கும்,” என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் யாரும் அதைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அப்போது அடுப்படியிலிருந்து கார்த்திகா முறுக்குத் தட்டோடு வந்தாள். புதுக் கவுன். தலையில் பூ. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தாத்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விழாவில் ஒப்பிக்கிற அதே குரலில், அதே தெளிவில் கேட்டாள்.

“அத்தை, இத எங்க வைக்கட்டும்?”

சிவரஞ்சனி திரும்பி மகளைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் தலை குனிந்து துண்டின் நுனியைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை ‘அம்மா’ போதாது என்று மூன்று தடவை சொல்லுகிற வாய் அது.

“யாரு, அண்ணன் மகளா?” நல்லதம்பியின் அம்மா சந்தோஷமாகக் கேட்டார். “அத்தையும் மருமகளும் ஒரே கலர்ல போட்டிருக்கீகளே.”

“ஆமாங்க,” என்றார் ஆண்டியப்பன் அண்ணன். “மகனும் மருமகளும் சிங்கப்பூர்ல இருக்காங்க. இது எங்ககிட்ட வளருது.”

“வளரட்டும், வளரட்டும். எங்களுக்கு என்னங்க, புள்ளகுட்டி இல்லாத பொண்ணாப் பாக்கணும்னு இருந்தோம். பின்னால சண்ட சச்சரவு வரக் கூடாது பாருங்க. போன்லயே தெளிவாப் போட்டிருந்துச்சு. இந்தா பாருங்கம்மா.” பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம்தான் போனை நீட்டினார். நான் யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது.

மேலே என் மையத்தின் பெயர் இருந்தது. கீழே சிவரஞ்சனி, வயது, படிப்பு, ஊர். மறுமணம். குழந்தைகள்: இல்லை.

சிவரஞ்சனி வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து அதைப் படித்தாள். எனக்குப் புரிவதற்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் மூச்சு என் காதில் கேட்டது. நிமிர்ந்து நின்று, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொன்னாள்.

“அந்த ‘இல்லை’ நான் போட்டதுங்க. தெரியாமப் போட்டுட்டேன்.”

நல்லதம்பிக்கும் அவர் அம்மாவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவள் போய்க் கார்த்திகாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் சில முறுக்கு உடைந்து தரையில் சிதறியது. பிள்ளையின் தோளில் கை போட்டுத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

“இவ என் மக. பேரு கார்த்திகா. ரெண்டாவது படிக்கிறா.”

ஆண்டியப்பன் அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான் இல்லைன்னு எழுதலத்தா. சத்தியமா எழுதல. எல்லாரும் விடுற மாதிரி சும்மாதான் விட்டேன். அவங்க போன் பண்ணி, கொழந்த இல்லைல்லன்னு கேட்டாங்க. இருக்குன்னு சொல்லத்தான் வாயத் தெறந்தேன். வரல. இந்த எடமும் போயிருச்சுன்னா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்.”

நல்லதம்பியின் அம்மா எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார். கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. நல்லதம்பி எழவில்லை. கொஞ்ச நேரம் கார்த்திகாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிவரஞ்சனியிடம், தன்மையாகத்தான் சொன்னார்.

“பாப்பா இங்கேயே தாத்தாகிட்ட இருக்கட்டுமே. இப்பவும் அவங்கதானே பாத்துக்கிறாங்க. லீவுக்கு லீவு நீங்க வந்து பாத்துட்டுப் போங்க. நான் வேணாம்னு ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.”

அவர் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ எளிதாகப் போயிருக்கும். அவள் அந்த மாம்பழச் சேலையின் கரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த மனிதர் வேண்டும் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

“வேணாங்க,” என்றாள். “காபி ஆறிப்போச்சு. வேற போட்டுத் தரவா?”

அவர் தலையசைத்து மறுத்துவிட்டு அம்மாவோடு கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

கார் சத்தம் தைலமரக்காட்டுக்குள் போய் மறைந்தது. கார்த்திகா அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தது. அதன் முகம் அழுகிற மாதிரி இருந்தது.

“அம்மா, நான் சரியாத்தானேம்மா சொன்னேன்? தாத்தா சொல்லிக்குடுத்த மாதிரிதாம்மா சொன்னேன். ஒரு தடவகூட அம்மான்னு சொல்லலையேம்மா. அப்பறம் ஏம்மா அவங்க போயிட்டாங்க?”

சிவரஞ்சனி அந்தப் பிள்ளையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து அவள் அழுகிற சத்தமும், கண்ணாத்தாள் அழுகிற சத்தமும் சேர்ந்து கேட்டது. ஆண்டியப்பன் அண்ணனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று எனக்கு வாய் துறுதுறுத்தது. தரையில் உட்கார்ந்து, தட்டிலிருந்து கொட்டியிருந்த முறுக்குத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கேட்க மனம் வரவில்லை. நானும் குனிந்து கூடப் பொறுக்கினேன்.

மறுநாள் அவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். நான் மாடியேறும்போதே உள்ளே உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. ரெண்டு நாள் வீட்டில் இருந்தால்தான் என்ன என்று கேட்டேன்.

“இத மாத்தாம என்னால வீட்ல இருக்க முடியாது மேடம்,” என்றாள்.

அந்த விதியை எடுத்துவிட்டாள். கல்யாணம் ஆகாதவர்களிடம் அந்தக் கேள்வியே கேட்காதபடி செய்தாள். மறுமணம் என்று வந்து, கட்டம் காலியாக இருந்தால், அந்த வரியை வெளியே நிறுத்தித் தன்னிடம் அனுப்பச் சொன்னாள். பிறகு ஏற்கெனவே ‘இல்லை’ என்று போய்விட்டவர்களை எல்லாம் வெளியே எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போன் செய்தாள்.

பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நான் அந்தப் பேச்சைக் கேட்டேன். “தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்க மகளுக்குக் கொழந்த இருக்கா?” என்று கேட்பாள். எதிர்ப்பக்கம் பேச்சு நின்றுபோகும். அவள் காத்திருப்பாள். சில பேர் எடுத்தெறிந்து பேசினார்கள். சில பேர் இல்லை என்றார்கள். சில வீட்டில் போனை எடுத்துக்கொண்டு யாரோ வாசலுக்கு நடந்து போவது தெரியும். அப்புறம் மெதுவாக, இருக்கு, ஆனா அதப் போட்டுறாதீங்க என்று சொல்வார்கள். “ஒங்க விருப்பம் இல்லாமப் போட மாட்டேங்க. இல்லைன்னும் போட மாட்டேன்,” என்பாள். போனை வைக்கும் முன் ஒன்று கேட்பாள். “பேரு என்னங்க, புள்ள பேரு?”

“பேரு எதுக்கு? அதுக்கு ஒரு கட்டமே கெடையாதே,” என்றேன் ஒரு நாள்.

“தெரியும் மேடம். சும்மாதான் கேக்குறேன்,” என்றாள்.

சிலர் சொன்னார்கள். ஒரு வீட்டில் பெயரைச் சொல்லிவிட்டு அந்தப் பாட்டி போனிலேயே அழுதுவிட்டது. அன்றைக்கு சிவரஞ்சனி மதியம் சாப்பிடவில்லை. நானும் எதையோ கொறித்து ஒப்பேற்றினேன்.

அப்பாவோடு அவள் சண்டை போடவில்லை. தேவைக்குப் பேசுகிறாள், மருந்து வாங்கிக்கொண்டு போகிறாள். ஆனால் பிள்ளையை அந்த வீட்டில் விட்டுவிட்டு வர அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஜூனில் கார்த்திகாவைப் புதுக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகப் பஸ் ஏறி வருகிறார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை நேராக ஆபீசுக்கு வந்து, அம்மாவின் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதும். “அம்மா, ஏழாம் வாய்ப்பாடு கேளும்மா, சரியாச் சொல்றேனான்னு பாரும்மா.” பழையபடி மூன்று அம்மா. எனக்குக் காது வலிக்கிறது. இப்போதெல்லாம் நான் அதட்டுவதில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை பாதியில் நிறுத்தியது. மாடிப்படியில் செருப்புச் சத்தம். மகனுக்குப் பெண் பார்க்கிற ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அப்பா, அம்மா, கூட ஒரு பெரியவர். எல்லாரும் பட்டும் வேட்டியுமாக இருந்தார்கள். அந்த அம்மா உட்கார்ந்ததும் கார்த்திகாவின் கன்னத்தைத் தொட்டு, “யாரு பாப்பா நீ? இங்க என்ன பண்ற?” என்று சிரித்தார்.

கார்த்திகா எழுந்து நின்றாள். முதுகு நிமிர்ந்தது. அவர்கள் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்த விழாக் குரலில் சொன்னாள்.

“அத்தைகூட வந்திருக்கேன்.”

கீபோர்டு சத்தம் நின்றது. சிவரஞ்சனி நாற்காலியைத் திருப்பி, மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அம்மான்னு சொல்லு தங்கம். இங்க சொல்லலாம். எல்லார் முன்னாடியும் சொல்லலாம்.”

கார்த்திகா அம்மாவின் காதருகே குனிந்து, வந்தவர்களுக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னாள்.

“அவங்க போகட்டும். அப்பறம் சொல்றேன்.”